கம்பு முதல் கம்பெனி வரை!

முதலில் ஒரு சின்னக் கேள்வி. தீபாவளி ராக்கெட்டின் வாலில் ஒரு குச்சி கட்டியிருக்கிறார்களே, அது எதற்கு?

"பாட்டிலில் செருகி வைக்கிறதுக்கு சார்!" என்று சொன்னீர்கள் என்றால் உங்களுக்குப் பாதி மார்க்தான். குச்சி இல்லாத ராக்கெட்டைக் கொளுத்திப் பாருங்கள். (வேண்டாம், கற்பனையில் மட்டும் கொளுத்துங்கள்.) அது வானத்துக்குப் போகாது. எதிர்வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தாத்தாவின் ஈஸிசேருக்கு அடியில் போகும். மருந்து தள்ளிவிடும், அவ்வளவுதான். நேராக மேலே போக வைப்பது அந்த ஒல்லிக்குச்சி. சிவகாசிப் பக்கம் ஐந்தாம் கிளாஸ் பையனைக் கேட்டால்கூட இதைச் சொல்லிவிடுவான்.

மருந்தே இல்லாமல், வெறும் குச்சியை வைத்தே மேலே போன ஒரு மனிதர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் ஆல்பிரட் கார்ல்டன் கில்பர்ட். சுருக்கமாக ஏ.சி.கில்பர்ட். 1908-ல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில், கம்பு ஊன்றித் தாண்டும் போட்டியில், அதாவது போல்வால்ட்டில், தங்கப் பதக்கம் வாங்கியவர்.

அதோடு நின்றிருந்தால் இவரைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த ஆசாமி மேஜிக் செய்தார். டாக்டருக்குப் படித்தார். பட்டம் வாங்கிவிட்டு ஊசியே போடாமல் பொம்மைக் கம்பெனி வைத்தார். அந்தக் கம்பெனியை அமெரிக்காவின் பெரிய பொம்மைக் கம்பெனிகளில் ஒன்றாக வளர்த்தார். சுமார் 150 கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கினார். நடுவில் ஒரு தடவை தன் நாட்டு அரசாங்கத்திடம் நேரில் போய் வாதாடி, குழந்தைகளின் பண்டிகையையே மீட்டுக்கொண்டு வந்தார்!

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் பிறந்த ஒவ்வொரு பையனும் ஒரு கேள்வியைக் கேட்டே வளர்ந்திருப்பான். சாயங்காலம் முழங்காலில் சிராய்ப்போடு வீட்டுக்குள் நுழையும்போது அப்பாவோ சித்தப்பாவோ கேட்பார்: "ஏண்டா, வெளாட்டு சோறு போடுமா?"

பருப்பு, வத்தல், மல்லி விலையை ஊருக்கே சொன்ன மார்க்கெட் இருக்கிற ஊர். எதையும் பேரேட்டில் ஏற்றிப் பார்ப்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அதில் அடியேன் பி.காம் வேறு. அதனால் அப்பாவின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டைக் கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவது? செலவு என்றா, முதலீடு என்றா? கில்பர்ட்டின் வாழ்க்கையைப் புரட்டினால் பதில் கிடைக்கிறது.

* * *

மேஜிக் மாணவன்

1884-ல் ஆரிகன் மாநிலத்தில் சேலம் என்ற ஊரில் பிறந்தார் கில்பர்ட். (நம்ம மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்கச் சேலம்.) ஆள் ஒன்றும் பனைமரம் அல்ல. நடுத்தர உயரம், ஒல்லி உடம்பு. ஆனால் விடாக்கண்டன். 1900-ல், பதினாறு வயதில், கம்பியைப் பிடித்துத் தொங்கி முகவாய்க்கட்டை கம்பிக்கு மேலே வரும்படி தொடர்ந்து 39 தடவை உடம்பைத் தூக்கிச் சாதனை செய்தார். நாமெல்லாம் நாலாவது தடவையில் கம்பியோடு சமாதானமாகிவிடுவோம்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. மேஜிக்! சீட்டை மறைப்பது, காசை வரவழைப்பது என்று சின்ன வயதிலேயே பழகிக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனபோது இந்த மேஜிக்தான் கைகொடுத்தது. கிளப்புகளிலும் விருந்துகளிலும் வித்தை காட்டி, அந்தக் காசில் படிப்புச் செலவைச் சமாளித்தார்.

இங்கேதான் நம்ம ஆட்களும் அவரும் பிரிகிற இடம். மேஜிக் காட்டிச் சம்பாதிப்பவன் அடுத்த ஷோ எப்போது என்று பார்ப்பான். கில்பர்ட் வேறு ஒன்றைக் கவனித்தார். ஷோ முடிந்ததும் கூட்டத்திலிருந்து நாலு பேர் வந்து, "இதை எனக்கும் சொல்லிக்கொடுங்களேன்" என்று கேட்கிறார்கள். அதாவது, வித்தையைப் பார்க்க ஒரு மார்க்கெட், செய்து பார்க்க இன்னொரு மார்க்கெட்! ஜான் பெட்ரி என்ற நண்பரோடு சேர்ந்து மேஜிக் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார். கம்பெனி பெயர் மிஸ்டோ. மருத்துவக் கல்லூரி நாட்களிலேயே ஆள் முதலாளி ஆகிவிட்டார்.

* * *

மூங்கில் மகிமை

இப்போது கம்புக்கு வருவோம்.

போல்வால்ட் என்பது என்ன? ஒரு கரன்ஸி எக்ஸ்சேஞ்ச், அவ்வளவுதான். வேகம் என்ற பணத்தைக் கொடுத்து உயரம் என்ற பணத்தை வாங்குகிறீர்கள். எவ்வளவு வேகமாக ஓடி வருகிறீர்களோ, அவ்வளவு உயரம் கிடைக்கும். ஆனால் நடுவில் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கமிஷன் ஏஜென்ட்தான் கம்பு.

அந்தக் காலத்துக் கம்புகள் பயங்கரமானவை. ஆஷ், ஸ்ப்ரூஸ், ஹிக்கரி என்று கனமான மரங்கள். தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பாதி வேகம் போய்விடும். அடியில் இரும்பு முள் வேறு. ஓடிவந்து அந்த முள்ளைத் தரையில் குத்தி, தொங்கி, எழும்பி, குறுக்குக் கம்பியைத் தாண்ட வேண்டும். இன்றைக்கு விழுவதற்குக் கல்யாண மண்டபத்து மெத்தையைவிடப் பெரிய மெத்தை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு மணல், மரத்தூள், இல்லாவிட்டால் வெறும் தரை. தாண்டுவது பாதி வித்தை, கால் உடையாமல் இறங்குவது மீதி வித்தை.

கில்பர்ட் பார்த்தார். உடம்பை எவ்வளவு முறுக்கேற்றினாலும் கம்பின் கனம் குறையப்போவதில்லை. அப்படியானால் மாற்ற வேண்டியது உடம்பை அல்ல, கம்பை! அவர் கையில் எடுத்தது மூங்கில். உள்ளே காலி, வெளியே கெட்டி, கணுவுக்குக் கணு பலம். நம்ம ஊரில் கொத்தனார் சாரம் கட்டவும், சிலம்பக்காரர் சுற்றவும் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகிற அதே ஜாதி. கனம் குறைந்தது, வேகம் மிஞ்சியது, உயரம் கூடியது.

அடுத்து, முள்ளைக் குத்துவதற்குப் பதிலாகத் தரையில் ஒரு சின்னக் குழி தோண்டி அதில் கம்பின் நுனியை ஊன்றினார். கம்பு வழுக்காது. இன்றைக்கு எல்லா மைதானத்திலும் ஓடுபாதையின் முடிவில் ஒரு பெட்டி பதித்திருக்கிறார்களே, அந்த யோசனைக்கு இந்தக் குழியும் ஒரு பாட்டன்.

1906-ல் 12 அடி 7 அங்குலத்துக்கு மேல் தாண்டி உலக சாதனை செய்தார் கில்பர்ட். மூங்கிலை முதன்முதலில் தொட்டவர் அவர் ஒருவர்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைப் பிரபலமாக்கியவர்களில் அவர் பெயர் முன்வரிசையில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது வருஷத்துக்கு மூங்கில் ராஜ்யம்தான். 1927-ல் யேல் மாணவர் சாபின் கார் 14 அடி. 1940-ல் கார்னீலியஸ் வார்மர்டாம் 15 அடி. அவர் 1942-ல் வைத்த 4.77 மீட்டர் சாதனையை 1957 வரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. எல்லாம் மூங்கில் உபயம்!

* * *

ரெண்டு தங்கம், மூணு வெண்கலம், வெள்ளி அவுட்!

1908, ஜூலை 24. லண்டன் ஸ்டேடியம். போல்வால்ட் இறுதிப்போட்டி.

ஆரம்பத்திலேயே தகராறு. "குழி தோண்டித்தான் கம்பை ஊன்றுவோம்" என்று அமெரிக்கர்கள். "எங்கள் புல்தரையில் குழியா?" என்று ஆங்கிலேய அதிகாரிகள். நம்ம ஊர் கபடியில் கோடு தொட்டானா இல்லையா என்று நடக்கிற பஞ்சாயத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லாத வாக்குவாதம்.

போதாக்குறைக்கு அன்றைக்குத்தான் மாரத்தான் ஓட்டமும். எல்லோர் கண்ணும் ஸ்டேடியத்தின் வாசலில். முதலில் உள்ளே வந்தவர் இத்தாலியின் டொராண்டோ பியட்ரி. மிட்டாய் கடையில் வேலை பார்த்தவர். வெயிலிலும் களைப்பிலும் மனிதருக்கு நினைவே இல்லை. தப்பான பக்கம் திரும்பினார். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். பார்க்கச் சகிக்காமல் அதிகாரிகள் கைத்தாங்கலாகப் பிடித்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். உதவி பெற்றதால் தகுதி நீக்கம்! தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா, பியட்ரியை அழைத்துத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்.

இத்தனை அமளிக்கு நடுவில் ஒரு மூலையில் கையில் கம்போடு காத்திருந்தார்கள் போல்வால்ட்காரர்கள். ஓடிவரும் ஆட்டம் இது. உடம்பு சூடு ஆறிவிட்டால் போச்சு. கல்யாணப் பந்தியில் இலை போட்டபிறகு பரிமாறுகிறவன் காணாமல் போன மாதிரி நிலைமை.

ஒருவழியாகப் போட்டி தொடர்ந்தது. கில்பர்ட்டும் இன்னொரு அமெரிக்கரான எட்வர்ட் குக்கும் 3.71 மீட்டர் தாண்டினார்கள். 12 அடி 2 அங்குலம். அதாவது உங்கள் வீட்டு முதல் மாடித் தளத்தின் உயரம். இருவரில் யார் என்று முடிவு கட்ட மறுபடி தாண்ட வைக்க வேண்டும். மாரத்தான் அமளியில் நேரம் போய்விட்டது. "சரி, ரெண்டு பேருக்கும் தங்கம்" என்று தீர்ப்பு எழுதினார்கள். அடுத்த உயரத்தில் மூன்று பேர் சமமாக நின்றார்கள். மூவருக்கும் வெண்கலம். வெள்ளிப் பதக்கம் மட்டும் பெட்டியிலேயே தூங்கியது.

பாதித் தங்கம், ஆனாலும் தங்கம். கில்பர்ட்டுக்கு அப்போது வயது 24. மறு வருஷம், 1909-ல், யேலில் மருத்துவப் பட்டமும் கையில்.

நம்ம ஊராக இருந்தால் அடுத்த சீன் என்ன? வாசலில் டாக்டர் போர்டு, பக்கத்தில் மெடிக்கல் ஷாப், ஹாலில் பதக்கத்துக்குக் கண்ணாடிப் பெட்டி. கில்பர்ட் என்ன செய்தார் தெரியுமா? "எனக்கு விளையாட்டுச் சாமான் தயாரிப்பதுதான் பிடிக்கிறது" என்று மிஸ்டோ கம்பெனிக்கே திரும்பிவிட்டார்.

* * *

ரயில் ஜன்னல் ஓரம்

1911. கம்பெனி வேலையாக நியூ ஹேவனிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் அடிக்கடி போய்வருவார். அப்போது அந்தப் பாதையை மின்மயமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இரும்புத் தூண்கள், குறுக்குச் சட்டங்கள், ஆணி அடித்து அடித்து எழும்பும் கோபுரங்கள்.

அதே ரயிலில் தினமும் நூற்றுக்கணக்கான பேர் போனார்கள். அவர்களும் அதே தூண்களைப் பார்த்தார்கள். 'லேட்டாகப் போகுதே' என்று சலித்துக்கொண்டார்கள். கில்பர்ட் மட்டும், 'இதைப் பையன்கள் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?' என்று யோசித்தார்.

வீட்டுக்கு வந்தார். மனைவி மேரியோடு உட்கார்ந்து அட்டையில் குட்டிக்குட்டிச் சட்டங்களாக வெட்டினார். ஓரத்தை மடித்து ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினால் நாலு பக்கமும் கெட்டியான தூண் ஆகிறது! பட்டறையில் கொடுத்து இரும்புத் தகட்டில் செய்யச் சொன்னார். 1913-ல் 'எரெக்டர் செட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1901-லேயே மெக்கானோவுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதைக் கில்பர்ட்டின் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் நிஜ கோபுரம் போலவே நிற்கும் சதுரத் தூணும், சுற்றுவதற்கு மின்சார மோட்டாரும் எரெக்டரின் ஸ்பெஷல். நம்ம ஊர்ப் பையன்கள் நட்டும் போல்ட்டுமாக வீடு முழுக்க இறைத்துப்போட்டு அம்மாவிடம் அடி வாங்கிய மெக்கானிக்ஸ் செட் இருக்கிறதே, அது இந்த வம்சம்தான்.

இதோடு பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம். அந்நாளில் பொம்மை விளம்பரம் என்றால் பெற்றோரைப் பார்த்துப் பேசும். கில்பர்ட் நேராகப் பையன்களைப் பார்த்துப் பேசினார். பர்ஸ் அப்பாவிடம்தான் இருக்கிறது, ஆனால் பர்ஸின் சாவி பையனிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்த மனிதர்! விற்பனை, மூங்கில் பிடித்த மாதிரி எழும்பியது.

* * *

மந்திரிகள் தரையில் உட்கார்ந்தார்கள்

1918. முதல் உலகப்போர் உச்சத்தில். இரும்பும் ஆளும் போருக்குப் போதவில்லை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் ஒரு யோசனை வந்தது. இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வியாபாரத்தை நிறுத்திவிட்டால் என்ன?

பொம்மை உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் யார்? நம்ம கில்பர்ட். வாஷிங்டனுக்குக் கிளம்பினார். கையில் மனு மட்டும் இல்லை, மூட்டை மூட்டையாகப் பொம்மைகள்! எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் போர், கடற்படை, வர்த்தக மந்திரிகள் உண்டு. கில்பர்ட் சொன்னதன் சாரம் இதுதான்: இன்றைக்குப் பொம்மைப் பாலம் கட்டுகிறவன்தான் நாளைக்கு நிஜப் பாலம் கட்டப்போகிறான். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினால் நாட்டின் நாளைய எஞ்சினீயரைப் பிடுங்குகிறீர்கள்.

பேசிவிட்டு மூட்டையை அவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் மந்திரிகள் தரையில்! கடற்படை மந்திரி ஜோசபஸ் டேனியல்ஸுக்கு ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பலை விட்டுப் பிரிய மனமே இல்லை என்று கதை சொல்வார்கள். தடை யோசனை கைவிடப்பட்டது. 'கிறிஸ்துமஸைக் காப்பாற்றியவர்' என்று கில்பர்ட்டுக்குப் பட்டம் கிடைத்தது. 2002-ல் அமெரிக்க டி.வி.யில் அதே பெயரில் படமே எடுத்தார்கள்.

எல்லாமே வெற்றிதானா என்றால், இல்லை. 1950-ல் 'அணுசக்தி ஆய்வுக்கூடம்' என்று ஒரு விளையாட்டுப் பெட்டி போட்டார். உள்ளே நிஜமான யுரேனியத் தாது! விலை 49 டாலர் 50 சென்ட். பாம்பு மாத்திரைப் புகைக்கே "தள்ளி நில்லுடா" என்று கத்துகிற நம்ம அம்மாக்கள் பார்த்திருந்தால் கில்பர்ட்டை ஊரைவிட்டே ஓட்டியிருப்பார்கள். சரக்கும் ஓடவில்லை. சீக்கிரமே நிறுத்தினார்கள். 1961-ல் கில்பர்ட் இறந்தார். ஆறே வருஷத்தில், 1967-ல், கம்பெனியும் திவால். கம்பு ஊன்றித் தாண்டியவன் ஒருநாள் கீழே வந்துதானே ஆகவேண்டும்!

* * *

நம்ம ஊர் பேரேடு

சரி, இந்தக் கதைக்கும் கந்தக பூமிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. கில்பர்ட் பொம்மை விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1922-ல், சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். மழை பொய்த்த ஊர், விவசாயம் படுத்துவிட்டது. அங்கே மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு. மத்தாப்பிலிருந்து பட்டாசு. பெட்டியில் ஒட்டுகிற லேபிளிலிருந்து அச்சுத் தொழில். இன்றைக்கு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டருக்கும் அன்றைய தீப்பெட்டி லேபிளுக்கும் சொந்தம் உண்டு. மேஜிக் பெட்டியிலிருந்து எரெக்டர், எரெக்டரிலிருந்து கெமிஸ்ட்ரி செட் என்று போனாரே கில்பர்ட், அதே கணக்குத்தான். ஒன்றை ஊன்றி இன்னொன்றைத் தாண்டுவது.

பண்டிகையைக் காப்பாற்றும் வாதமும் நமக்குப் புதிதில்லை. 1918-க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 2018 அக்டோபரில், பட்டாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை. தொழில் மொத்தமாக நிற்கவில்லை, ஆனால் எந்த மந்திரியும் தரையில் உட்கார்ந்து புஸ்வாணம் விட்டதாகத் தகவல் இல்லை. விடவும் கூடாது. நம்ம சரக்கு பொம்மை இல்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப்போனதை இந்த வட்டாரம் மறக்க முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிரித்துக்கொண்டே எழுத முடியாத கணக்கு.

கில்பர்ட்டின் தொழிற்சாலையில் செய்தது எல்லாம் குழந்தைகளின் கைக்குப் போனது. நம்ம பக்கம் வெகுகாலம் குழந்தைகளின் கையில்தான் சரக்கே தயாரானது. விடியுமுன் கிராமத்துக்கு வேன் வரும். தூக்குச்சட்டியோடு ஏறுகிற பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. கில்லி விளையாட வேண்டிய விரல்களில் பசை. சிவகாசியை வைத்துத்தான் எம்.சி.மேத்தா வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று.

அந்தப் பிள்ளைகளின் விளையாட்டை நாம் எந்தப் பக்கம் எழுதினோம்? 'வீண் செலவு' என்று எழுதினோம். அதை மிச்சம் பிடித்துச் சம்பாத்தியம் ஆக்கினோம். எத்தனை ஓட்டக்காரர்கள், எத்தனை எஞ்சினீயர்கள் அந்தப் பசையோடு ஒட்டிக்கொண்டு போனார்களோ, அதற்கு எந்தப் பேரேட்டிலும் பதிவில்லை.

நமக்குச் சரியாகக் கணக்கு எழுதத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி, வியாபாரத்தில் மகமை பிடித்து, சத்திரிய வித்யாசாலா என்று பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் எங்கள் பெரியவர்கள். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த பையன் ஒருவர் பிறகு முதலமைச்சராகி, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மதியச் சோறு போட்டார். காமராஜர்! கைப்பிடி அரிசியைச் செலவு என்று எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா இந்த லாபம்?

* * *

கம்பை மாற்றுங்கள்

"இதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி சார். போல்வால்ட் எல்லாம் நமக்கு ஆகிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1920-லேயே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவரும் அவர்தான். நம்ம பள்ளிக்கூடங்களில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர்களில் பலர் அங்கே படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள்.

அந்த விதை வீண்போகவில்லை. பெண்கள் போல்வால்ட்டில் சென்னையின் வி.எஸ்.சுரேகா 2014-ல் 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை வைத்தார். அதை முறியடித்ததும் நம்ம தமிழ்நாட்டுப் பெண்தான். 2022-ல் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோசி மீனா பால்ராஜ் தாண்டியது 4.20 மீட்டர். கில்பர்ட்டின் ஒலிம்பிக் தங்கத்தைவிட அரை மீட்டர் அதிகம்! மூங்கில் போய் ஃபைபர் கம்பு வந்த புண்ணியம் பாதி, இவர்கள் உழைப்பு பாதி. ஆண்களில் இன்றைய உலகப் பேரரசன், ஸ்வீடனின் டுப்லான்டிஸ், 2025-ல் டோக்கியோவில் 6.30 மீட்டரைத் தாண்டினார். ரெண்டு மாடிக் கணக்கு!

ஆனால் ஒரு நல்ல ஃபைபர் கம்பு வாங்குகிற காசில் மோட்டார் பைக் வாங்கிவிடலாம். ஒன்று போதாது, உடம்பு எடைக்கும் வேகத்துக்கும் தகுந்த மாதிரி நாலைந்து வேண்டும். அதை பஸ் கூரையில் கட்டவும் முடியாது, ரயிலில் ஏற்றவும் பாடு. இதற்குக் காசு போடுகிற அப்பா பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவார்? அங்கேதான் அந்தப் பிள்ளையின் உயரம் தீர்மானமாகிறது.

காலையில் பயராபீஸ் கணக்குப் பிரிவிலோ, பிரஸ்ஸிலோ, பாங்கிலோ, கலெக்டர் ஆபீஸிலோ உட்காரப்போகும் தம்பிகளே! உங்களில் எத்தனை பேருடைய டிரங்குப்பெட்டியில் மாவட்ட அளவு சர்டிபிகேட் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலை கிடைத்தது, விளையாட்டு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். கில்பர்ட்டும் 24 வயதில் பதக்கம் வாங்கியவர்தான். அதற்குப் பிறகு கம்பைக் கீழே போட்டார், ஆனால் கம்பு சொல்லிக்கொடுத்த பாடத்தைக் கீழே போடவில்லை. 'உயரம் வரவில்லையா? உடம்பைத் திட்டாதே, கையில் இருப்பது கனமாக இருக்கிறதா என்று பார்' என்பது அந்தப் பாடம். மைதானத்தில் அது மூங்கில். ரயிலில் அது இரும்புச் சட்டம். வாஷிங்டனில் அது மனுவுக்குப் பதிலாக ஒரு மூட்டை பொம்மை.

கடைசியாக ஒரு வரவு. 1949-ல் யேலில் வில்லியம் சூயல் என்ற மருத்துவ மாணவர் செயற்கை இதயப் பம்ப் ஒன்று செய்தார். சோதனையில் அது ஒரு நாயின் இதயத்தின் ஒரு பக்க வேலையை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துச் செய்தது. அந்தப் பம்பை ஓட்டியது எது? எரெக்டர் செட்டின் மோட்டாரும் சாமான்களும்! இன்றைக்கு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது அந்தப் பம்ப். டாக்டருக்குப் படித்தும் ஊசி போடாத கில்பர்ட்டின் பொம்மை, இதய மருத்துவத்துக்கே கைகொடுத்தது.

ஆகவே, நாளைக்கு உங்கள் பிள்ளை முழங்காலில் சிராய்ப்போடு, கையில் எதோ ஒரு கம்போடு வந்து நின்றால், "வெளாட்டு சோறு போடுமா?" என்று கேட்காதீர்கள். பேரேட்டை எடுங்கள். 'முதலீடு' என்ற பக்கத்தைத் திறங்கள். தேதி போட்டு எழுதுங்கள்.

அப்புறம் முழங்காலுக்கு மருந்து போடுங்கள்.